முடிச்சின் மேல் நான்கு தையல்

தையலக்காவுக்கு யாரையும் லேசில் நம்ப வராது. அது அவளுடைய குறை என்று வீட்டில் சொல்வார்கள். தொழில் கற்றுக்கொடுத்த புத்தி என்பாள் அவள். பதினெட்டு வயதில் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டவள். அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். நாடா இடுப்பைச் சுற்றும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். உயரம் பார்த்தால் நுனிக்காலில் எம்பி நிற்பார்கள். "போன வருஷத்து அளவேதான்" என்று கூசாமல் சொல்வார்கள். இவள் நாடாவைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு மனிதர் எவ்வளவு நேரம்தான் வயிற்றை உள்ளே இழுத்து வைத்திருக்க முடியும்? அது தானாக வெளியே வந்ததும் அளவைக் குறித்துக்கொள்வாள்.

இந்தப் புத்தியால் பட்ட அவமானங்களும் உண்டு. கல்யாணமான புதிதில் புருஷனின் சட்டைப் பையில் பெண்கள் சட்டைக்கு வைக்கிற சிவப்புப் பொத்தான் ஒன்று கிடைத்தது. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அந்த மனுஷனுக்கு என்ன குற்றம் செய்தோம் என்றே தெரியவில்லை. நான்காம் நாள், தன்னுடைய சிவப்புச் சட்டையில் கடைசிப் பொத்தான் இல்லாததை இவளே பார்த்தாள். வாசலில் கிடந்ததைப் பொறுக்கி வைத்தவர் கொடுக்க மறந்திருக்கிறார், அவ்வளவுதான். அதெல்லாம் ஆகி முப்பது வருஷமாயிற்று. இன்றைக்கும் அவள் எதையாவது முகர்ந்து பார்க்கத் தொடங்கினால் அவர் "பொத்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அவள் வாயை மூடிக்கொள்வாள்.

தெருமுனையில் ஆயத்த ஆடைக் கடை வந்ததும் அவளுடைய தையல்கடை படுத்துவிட்டது. அப்போது கை கொடுத்தவள் ஓரகத்தி, புருஷனின் தம்பி மனைவி. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் இருந்தன. ஓரகத்தி ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரண்டாம் மாடிக்கு மூத்த உதவியாளர். அங்கே துணி தைக்க ஆள் வேண்டும் என்று சொல்லி இவளைச் சேர்த்துவிட்டாள். அதற்காகத் தையலக்கா நன்றியோடுதான் இருந்தாள். நம்பிக்கை வேறு, நன்றி வேறு.

இல்லம் மூன்று மாடிக் கட்டடம். சலவை அறை தரைக்குக் கீழே. இரண்டு பெரிய துவைப்பு இயந்திரங்கள், ஓர் உலர்த்தி, கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். அதில் தெருவில் போகிறவர்களின் கணுக்கால் மட்டும் தெரியும். மூலையில் இவளுடைய தையல் இயந்திரம். கிழிந்த விரிப்பு, அறுந்த பொத்தான், தளர்ந்துபோன எலாஸ்டிக், ஒவ்வொரு துணியிலும் அறை எண் தைப்பது என்று நாள் முழுக்க வேலை இருக்கும். மாடிக்குப் போக வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. மேலே இருந்த தொண்ணூறு பேரையும் அவள் துணியாகத்தான் அறிந்திருந்தாள். பதினொன்றாம் அறைக்காரர் சாப்பிடும்போது இடப் பக்கம் சிந்துகிறவர். முப்பத்திரண்டாம் அறை அம்மா பல் செட்டைக் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு மறந்துபோகிறவர். இருபத்து மூன்று என்றால் காலுறை.

இருபத்து மூன்றாம் அறையில் இருந்தவர் வேலையில் இருந்த காலம் முழுவதும் தபால்காரராக நடந்தவர். இல்லத்துக்கு வந்த பிறகும் நடையை விடவில்லை. பழைய செய்தித்தாள்களை மடித்துக் கையில் அடுக்கிக்கொண்டு இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் ஒவ்வொரு கதவுக்கும் ஒன்று போட்டுக்கொண்டே போவார் என்று ஓரகத்தி சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். வாரம் தவறாமல் அவருடைய காலுறைகள் குதிகாலில் ஓட்டையோடு, அடியில் கரி பூசினாற்போல வந்து இறங்கும். இவள் திட்டிக்கொண்டே இழையோட்டி அடைப்பாள். மனுஷன் காலில் சக்கரம் கட்டியிருக்கிறானா என்று கேட்டபடி அடுத்த வாரமும் அடைப்பாள்.

பட்டைகளின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு வருஷத்துக்கு முன்னால் மேற்பார்வையாளர் அம்மாவே படியிறங்கிச் சலவை அறைக்கு வந்தார். கையில் கிழிந்த விரிப்பிலிருந்து உரித்த நீளத் துணிகள் இருந்தன. சாப்பிடும்போதும் விரிப்பு மாற்றும்போதும் சிலர் சரிந்து விழுந்துவிடுகிறார்கள், அதனால் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் கட்டி வைக்க வேண்டியிருக்கிறது, இந்தத் துணி தோலை அறுக்கிறது, ஒரு மகள் வந்து தழும்பைப் பார்த்துவிட்டு அழுதாள், நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்றார். தையலக்காவுக்கு மனசு இளகிவிட்டது. அவள் மனசு இளகுகிற சந்தர்ப்பம் அபூர்வம், இளகினால் கை நிற்காது. இடுப்பில் படுகிற பாகத்துக்கு உள்ளே ஃபிளானல் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, ஓரத்தைச் சுருட்டி, தையல் தோலில் படாதபடி வெளிப்பக்கம் திருப்பித் தைத்தாள். தன் கையிலேயே ஒரு மணி நேரம் இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். ஒரு கோடு விழவில்லை. மேற்பார்வையாளர் அம்மா ஊழியர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவளைப் பாராட்டினார். முதலில் பன்னிரண்டு பட்டைகள் தைத்தாள். நாலு மாதம் கழித்து இன்னும் இருபது கேட்டார்கள். பத்து நிமிஷ வேலைக்கு இத்தனை பட்டைகள் எதற்கு என்று அன்றைக்கே அவளுக்கு மூக்கில் வேர்த்தது. பாராட்டு வாங்கிய வாய் என்பதால் கேட்காமல் இருந்துவிட்டாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, இருபத்து மூன்றின் காலுறையில் ஓட்டை இல்லை.

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். அடுத்த வெள்ளியும் இல்லை. மூன்றாவது வெள்ளி காலுறையை உள்ளங்கையில் போட்டுத் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை மட்டுமில்லை, அழுக்கும் இல்லை. அடிப்பாகம், அப்போதுதான் உறை பிரித்த புதுத் துணி மாதிரி வெள்ளையாக இருந்தது. தரையில் ஒரு அடி வைத்தால்கூட அப்படி இருக்காது. அன்றைக்கு வந்த மூட்டையில் பட்டைகளும் இருந்தன. ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தாள். அடிக்கடி கட்டி அவிழ்க்கிற துணியில் சுருக்கம் அங்கங்கே மெத்தென்று விழுந்திருக்கும். ஒரே முடிச்சில் நாள் கணக்காகக் கிடந்த துணியில் மடிப்பு ஒரே இடத்தில், இஸ்திரி போட்டதுபோல விறைப்பாக நிற்கும். இவள் நீவிய பட்டைகள் விறைப்பாக நின்றன.

வீட்டில் ஓரகத்தியிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். தபால்காரருக்கு என்ன, காலுறை கிழியவே மாட்டேன் என்கிறதே. ஓரகத்தி முதலில் அவருக்குப் புதுச் செருப்பு வந்திருக்கிறது என்றாள். கொஞ்சம் கழித்து, டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். பாத்திரம் கழுவும்போது தானாகவே, வயசாகிவிட்டதில்லையா என்றாள். ஒரு கேள்விக்கு மூன்று பதில். தையலக்காவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் பொத்தான் தைக்கிற சாக்கில் இரண்டாம் மாடிக்கு ஏறினாள். தாழ்வாரம் வெறிச்சென்று இருந்தது. முப்பது பேர் இருக்கிற மாடியில் ஒரு காலடிச் சத்தம் இல்லாதது அவளுக்குப் பிடிக்கவில்லை. இருபத்து மூன்றில் தபால்காரர் கட்டிலில் படுத்திருந்தார். துணியாகவே தெரிந்த மனுஷனை அன்றுதான் முகமாகப் பார்த்தாள். நீளமான ஆள், கட்டிலுக்குக் குறுக்காகப் படுத்தால்தான் கொள்ளும் போலிருந்தது. இடுப்பின் குறுக்கே இவள் தைத்த பட்டை. அதன் இரண்டு வால்களும் கட்டிலின் இரு பக்கமும் இறங்கி, அடியில் இரும்புச் சட்டத்தில் ஒரே முடிச்சாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. ஓரகத்தி உள்ளே வந்தவள், "இப்பத்தான்க்கா கட்டினேன், விரிப்பு மாத்தறதுக்கு" என்றாள். இரண்டு நாள் கழித்து மத்தியானம் போனாள். இப்பத்தான் சாப்பாட்டுக்காகக் கட்டினார்களாம். இன்னொரு நாள் காலையில் போனாள். இப்பத்தான் உடம்பு துடைத்தார்களாம். இவள் எப்போது போனாலும் அதற்குச் சற்று முன்னால்தான் கட்டியிருப்பார்கள்.

ஒரு நாள் தேநீர் நேரத்தில் நேரடியாகவே கேட்டாள். ஓரகத்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். தபால்காரர் ஒருநாள் கேட் திறந்திருந்த நேரத்தில் வெளியே போய்விட்டார். தெருக்கோடியில் இருக்கிற தபால் பெட்டியைத் திறக்கச் சாவி தேடிக்கொண்டிருந்தவரைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். வழியில் விழுந்து முழங்கை சிராய்த்திருந்தது. மேற்பார்வையாளர் அம்மா ஆடித் தீர்த்துவிட்டார். அதிலிருந்துதான் பட்டை. "ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ அவுத்து, நடக்கவிட்டு, நோட்டுல கையெழுத்துப் போடுறோம்க்கா. நம்பலேன்னா வந்து பாரு." நோட்டையும் காட்டினாள். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி என்று வரிசையாக ஓரகத்தியின் கையெழுத்து. எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தது. நாள் முழுக்க ஓடிக்கொண்டே போட்ட கையெழுத்து இவ்வளவு அழகாக வராது என்று தையலக்கா நினைத்தாள்.

நினைத்தாளே தவிர, சொல்ல முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலையணை உறைகள் காணாமல் போனபோது, துணி தூக்குகிற ஆள்மேல் சந்தேகப்பட்டு இவள் பெரிய ரகளை பண்ணியிருந்தாள். கடைசியில் பதினாலு உறைகளும் உலர்த்திக்குப் பின்னால் விழுந்து கிடந்தன. எல்லோர் எதிரிலும் அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டாள். இப்போது ஒரு காலுறையை ஆட்டிக்கொண்டு போய் நின்றால் யார் கேட்பார்கள்? ஆனால் கேட்க வைக்காமலும் இருக்க முடியாது. நடந்துகொண்டே இருந்த மனுஷனை இன்னும் கொஞ்ச நாள் கட்டி வைத்தால் கால் மடங்கிப்போய்விடும், அப்புறம் அவிழ்த்துவிட்டு என்ன பிரயோஜனம் என்று அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை ஆய்வு அதிகாரி வரப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அதற்குள் மறுக்க முடியாத ஆதாரம் ஒன்று கையில் இருக்க வேண்டும். அவளிடம் இருந்தது ஊசியும் நூலும்தான்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, உதவியாளர்கள் இருவரும் மாடியின் மறுகோடியில் இருந்த நேரம் பார்த்து இருபத்து மூன்றுக்குள் நுழைந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்தாள். சட்டத்தில் இருந்த முடிச்சைத் தடவிப் பார்த்தாள், கல்லாக இறுகியிருந்தது. பட்டையின் நிறத்திலேயே நூல் கோத்து வைத்திருந்தாள். முடிச்சுக்குள் இரண்டு அடுக்கையும் சேர்த்துப் பிடித்து நான்கு ஓட்டுத் தையல் போட்டாள். உடுப்பு தைக்கும்போது தற்காலிகமாகப் போடுகிற தையல்தான் அது. பலமே கிடையாது. முடிச்சை யாராவது அவிழ்த்தால் நூல் அறுந்துபோகும். அவிழ்க்காவிட்டால் அப்படியே இருக்கும்.

மேலே கட்டிலில் அசைவு கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். தபால்காரர் போர்வையை ஒதுக்கிவிட்டு, காலைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

"செருப்பு எங்கம்மா?" என்று கேட்டார்.

அவருக்குப் புத்தி தடுமாறுகிறது, காலத்தையும் ஆளையும் மாற்றிப் பேசுவார் என்று ஓரகத்தி சொல்லியிருந்தாள். தையலக்கா ஒன்றுமில்லை ஐயா, படுங்கள் என்று போர்வையை இழுத்து மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தாள். யார் கண்ணிலும் படாமல் வந்ததில் அவளுக்கு ஒரு திருப்தி.

செவ்வாய்க்கிழமை போனாள். குனிவதற்கு முன்பே அவர் போர்வையை விலக்கி வைத்திருந்தார். இரண்டு உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி, எழுந்திருக்கப் போகிறவரைப்போல அவளையே பார்த்தார். இவள் கட்டிலுக்கு அடியில் கையைவிட்டு விரலால் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் இருந்தன. புதன்கிழமை மத்தியானம் போனபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பட்டை விட்ட அளவுக்குத்தான் திரும்ப முடிந்திருந்தது. நான்கு தையலும் பத்திரமாக இருந்தன. ஐம்பத்தொரு மணி நேரம். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சொல்லிக்கொள்ள அவளே பிற்பாடு வெட்கப்பட்டாள் என்றாலும் அன்றைக்கு அது சந்தோஷம்தான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம்.

அன்று சாயங்காலம் நடந்ததை அவளே எதிர்பார்க்கவில்லை. நாளைக்கு ஆய்வு என்பதால் பட்டைகளை எல்லாம் கழற்றிக் கீழே அனுப்பச் சொல்லி உத்தரவு. ஓரகத்தி ஒரு மூட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டினாள். அதில் ஒரு பட்டை நடுவில் கத்தரிக்கப்பட்டு, முடிச்சு அப்படியே இருந்தது. "இருபத்து மூணோடது மட்டும் அவிழவே மாட்டேன்னுது. கத்தரிக்கோலால வெட்டிட்டேன். புதுசு ஒண்ணு தச்சிடுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கட்டிலுக்கு அடியில் இருட்டு. பட்டையின் நிறத்திலேயே நூல். ஓரகத்தி தையலைப் பார்க்கவில்லை. தன் கையெழுத்துகள் அத்தனையையும் பொய்யாக்குகிற சாட்சியை அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

வீட்டில் ஓரகத்தியின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. புருஷன் கவனித்துவிட்டார். அறைக்கு வந்ததும் பொத்தான் என்று சொல்லத் தொடங்கியவரிடம் முடிச்சைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு அவர் கேலி செய்யவில்லை.

"அவளும் முப்பது பேர ரெண்டே பேரா பாத்துக்கிட்டு என்னதான் பண்ணுவா? ஒரே வீடு. நாளைக்கு முகத்துல முழிக்கணுமே" என்றார்.

"அவரு கால் போயிடும்" என்றாள் அவள். அவர் முடிச்சை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

ஆய்வு அதிகாரி நடுத்தர வயதுப் பெண். தையலக்கா அவரையும் நம்பவில்லை. வந்தவுடன் மேற்பார்வையாளர் அம்மாவின் அறையில் முக்கால் மணி நேரம் தேநீர் குடித்தாரே, அங்கே என்ன பேச்சு? மாடிகளைச் சுற்றிவிட்டுக் கடைசியாகச் சலவை அறைக்கு வந்தார். ஒருவர் உடம்பிலும் ஒரு தழும்பு இல்லை, பராமரிப்பு திருப்தியாக இருக்கிறது என்று மேற்பார்வையாளர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே துணி அடுக்குகளை ஒரு பார்வை பார்த்தார். போகத் திரும்பினார்.

"தழும்பு இருக்காது மேடம்" என்றாள் தையலக்கா. "நான்தான் உள்ள ஃபிளானல் வெச்சுத் தச்சேன். மாசக்கணக்குல கட்டி வெச்சாலும் தழும்பு விழாது."

வெட்டிய முடிச்சை மேஜைமேல் வைத்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போட்ட தையல், புதன்கிழமை சாயங்காலம் வெட்டி எடுத்தது, நடுவில் ஒரு தடவைகூட அவிழ்க்கவில்லை என்று வரிசையாகச் சொன்னாள். மேற்பார்வையாளர் அம்மா, இதை இவள் இப்போதுதான் தைத்திருப்பாள், எதையும் சந்தேகப்படுகிற குணம், இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும் என்றார். அதிகாரி முடிச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று நாளும் தபால்காரர் இழுத்த இழுப்பில் துணி தையலைச் சுற்றி இறுகி, நூல் அதற்குள் புதைந்து கிடந்தது. இப்போது தைத்தால் அப்படிப் புதையாது. அதிகாரிக்குத் தையல் தெரிந்திருக்க வேண்டும். அவிழ்த்ததற்கான நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளுக்கும் இருபத்து மூன்றாம் அறைக்கு எதிரே இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கையெழுத்து இருந்தது. ஓரகத்தி நோட்டையும் முடிச்சையும் பார்த்தாள். அப்புறம் தையலக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றைக்கும் அந்த வீட்டில் இருக்கிறது.

எல்லோரும் மாடிக்குப் போனார்கள். தபால்காரரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து நிற்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஆள் தாங்கியும் நிற்க முடியவில்லை. முழங்கால்கள் நிமிரவில்லை. நடந்து நடந்து முறுக்கேறியிருந்த கெண்டைக்கால் வற்றிப்போய்த் தோல் தொங்கியது. பட்டை போட்டு ஏழு வாரமாயிற்று என்று அப்போதுதான் ஓரகத்தி சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

மேற்பார்வையாளர் அம்மா தனக்கு எதுவுமே தெரியாது என்று சாதித்துப் பார்த்தார். அந்த முப்பத்திரண்டு பட்டைகளையும் கேட்டு வாங்கியவர் அவர்தான் என்று தையலக்கா சொன்னதால் அவர் வேலை போயிற்று. ஓரகத்தியை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வீட்டில் இரண்டாவது அடுப்பு வாங்கினார்கள். ஒரே ஒரு தடவை மட்டும், தண்ணீர் பிடிக்கிற இடத்தில், ஓரகத்தி பேசினாள். "முப்பது பேருக்கு ரெண்டே பேர்தான்னு ஆய்வுக்கு வந்த அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொன்னியாக்கா?" தையலக்கா சொல்லவில்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் தன் கோணல் எழுத்தில் அதை அதிகாரிக்கு ஒரு கடிதமாக எழுதிப் போட்டாள். அதை ஓரகத்தியிடம் சொல்லப் போனாள், கதவு சாத்தியிருந்தது.

பத்து நாள் கழித்து இருபத்து மூன்றாம் அறை அலமாரிக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டிருந்த செருப்பைத் துணி தூக்குகிற ஆள் கண்டெடுத்துக் கொடுத்தான். தையலக்கா அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு உடற்பயிற்சி அறைக்குப் போனாள். தபால்காரர் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பயிற்சி கொடுக்கிற இளம்பெண் அவருடைய முழங்காலை நீவி நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நடப்பாரா என்று இவள் கேட்டதற்கு, தெரியாது, ஒரு நாள் முன்னால் அவிழ்த்திருந்தாலும் அந்த ஒரு நாள் லாபம்தான் என்று அந்தப் பெண் வேலையிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்.

"செருப்பு கொண்டாந்திருக்கேன் ஐயா" என்றாள் தையலக்கா.

அவர் செருப்பைப் பார்த்தார். பிறகு இவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தடுமாற்றம் எதுவும் இல்லை.

"திங்கக்கிழம நீங்க கட்டிலுக்குக் கீழ குனிஞ்சீங்க" என்றார். "அவுத்துவிட வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். அதான் செருப்பக் கேட்டேன்."

அவள் செருப்பைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள்.

"செவ்வாக்கிழமையும் வந்தீங்க" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சரிபார்க்கிறவர் குரலில் சொன்னார். "புதன்கிழமையும் வந்தீங்க."

ஆதாரம் வேண்டியிருந்தது ஐயா, வெறுங்கையோடு போனால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று சொல்ல நினைத்தாள். அது உண்மையும்கூட. ஆனால் அவருடைய முடிச்சைப் பிடித்த கை அவளுடைய கைதான். அவிழ்க்கத் தெரிந்த கைதான். அந்தக் கையால் மூன்று நாளும் அவிழ்ந்துவிடக் கூடாதே என்று தடவித் தடவிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். உலகத்தில் எல்லோரையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளுக்கு, கட்டிலில் இருந்த மனுஷன் தன்னை நம்பிக்கொண்டிருந்தது மட்டும் தெரியாமல் போயிற்று. செருப்பை அவர் மடியில் வைத்தாள். அவர் அதைத் திருப்பி, தேய்ந்துபோன அடியைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மூட்டை வந்தது. மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு இருபத்து மூன்றின் காலுறையைத் தேடி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மேலே கணுக்கால்கள் போய்க்கொண்டிருந்தன. காலுறையின் அடிப்பாகம் வெள்ளையாக இருந்தது. துவைக்கவே வேண்டியதில்லை. அவள் அதைத் துவைத்துக் காயப்போட்டாள்.